செயின் சா சங்கிலியின் மூட்டுகளைத் தயாரிக்கும்போதே சீல் பண்ண முடியாதா?

தோப்புக்காரன் (பேராவூரணி)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற கேள்வியை இங்கே கொட்டுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் தோப்பில் நின்ற தென்னையைவிட விழுந்த தென்னைதான் அதிகம். அறுக்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டவில்லை. கடன் வாங்கி ஒரு செயின் சா வாங்கினேன். முதலில் எங்கள் தோப்பு, அப்புறம் பங்காளிகள் தோப்பு, பிறகு அக்கம்பக்கத்து ஊர்கள் என்று இன்றைக்கு மரம் அறுப்பதே பாதித் தொழிலாகிவிட்டது. 16 இன்ச் பார் (சங்கிலி சுற்றி ஓடும் தகடு), 3/8 பிட்ச் (மூட்டுக்கு மூட்டு உள்ள இடைவெளி), 56 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) உள்ள சங்கிலி.

என் பிரச்சினை பல்லில் இல்லை. அரம் போட்டுத் தீட்ட எனக்குக் கை பழகிவிட்டது. பிரச்சினை சங்கிலி நீள்வதுதான். பல்லில் பாதி தேயாமல் இருக்கும்போதே சங்கிலியை இறுக்கும் டென்ஷன் ஸ்குரூ கடைசிவரை போய்விடுகிறது. போன வாரம் ஒரு தென்னையின் அடித்தூரை அறுக்கும்போது சங்கிலி பாரைவிட்டுக் கழன்று காலில் அடித்தது. தடித்த பேன்ட் போட்டிருந்ததால் தோல் கிழிந்ததோடு போயிற்று. வாங்கிய கடையில் போய்க் கேட்டேன். "சங்கிலின்னா நீளத்தான் செய்யும், வேற வாங்கிக்குங்க" என்றார்கள்.

என் தம்பி பைக்கில் ஓ-ரிங் செயின் போட்டிருக்கிறான். மூட்டுக்குள்ளே கிரீஸை வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்திருக்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் இரண்டு முறைதான் இழுத்துக் கட்டினான். அதே மாதிரி மரம் அறுக்கும் சங்கிலியின் மூட்டையும் தொழிற்சாலையிலேயே சீல் பண்ணி அனுப்பினால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி மெக்கானிக்

அண்ணே, முதல்ல காலைப் பாருங்க. டி.டி. ஊசி போட்டாச்சா?

சங்கிலி நீளுதுன்னு நாம சொல்றோம், இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுறது கிடையாது. உள்ளே மூட்டு தேயுது. தேஞ்ச சங்கிலியில மூட்டைக் கோத்திருக்கிற ஆணி, அதாவது ரிவெட், ஒண்ணைப் பஞ்ச் வெச்சுத் தட்டி வெளியே எடுத்துப் பாருங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க, மேற்கொண்டு பேசலாம். பாருக்கு என்ன ஆயில் ஊத்துறீங்கன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க.

தோப்புக்காரன் (பேராவூரணி)

ஊசி போட்டாச்சு தம்பி.

நீங்கள் சொன்ன மாதிரி நேற்று ராத்திரி கழற்றிப் பார்த்தேன். ரிவெட்டின் தலையை அரத்தால் தேய்த்துவிட்டுப் பஞ்ச் வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும் வந்துவிட்டது. ரிவெட்டின் நடுவில் வயிறு மாதிரி தடித்த பகுதி ஒன்று இருக்கிறதே, டிரைவ் லிங்க் உட்காரும் இடம், அது ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து தட்டையாகிக் கிடக்கிறது. மறுபக்கம் புதிது மாதிரியே உருண்டையாக இருக்கிறது. தேய்ந்த இடம் முடிகிற ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிறது. டிரைவ் லிங்கின் துளையும் வட்டமாக இல்லை, ஒரு பக்கமாக நீண்டு முட்டை வடிவத்தில் இருக்கிறது. துளைக்குள் கறுப்பாகப் பசை. அதை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று மணல்.

ஆயிலைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க விரும்பவில்லை. டிராக்டரில் இருந்து வடித்த பழைய ஆயிலைத்தான் ஊற்றுகிறேன். இங்கே எல்லாரும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

கோத்தகிரி மெக்கானிக்

அண்ணே, பாதி பதில் உங்க விரல்லயே இருக்கு.

வடிச்ச ஆயில்ல என்ஜின் தேஞ்ச இரும்புத் தூள் மிதக்குது. அதைக் கொண்டுபோய் மூட்டுக்குள்ள விட்டா அரப்பொடி போட்டு மெருகேத்துற மாதிரிதான். அதுவும் தண்ணியா ஓடுற ஆயில். பார் ஆயில்ல ஒட்டுற சரக்கு ஒண்ணு கலந்திருப்பாங்க, விரல்ல தொட்டு இழுத்தா நூல் மாதிரி வரும். அந்த ஒட்டு இல்லாத ஆயில், பார் முனையில சங்கிலி திரும்பும்போதே தெறிச்சுப் போயிடும். மூட்டுக்குள்ள போறதுக்கு எதுவும் மிஞ்சாது. இன்னொண்ணு, தெறிக்கிற ஆயிலெல்லாம் உங்க கையிலயும் முகத்துலயும்தான் படுது. பழைய என்ஜின் ஆயில் தோலுக்கு ஆகவே ஆகாது, நாள்பட்டா புற்றுநோய் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். சங்கிலி போனா வாங்கிக்கலாம் அண்ணே.

இங்க எஸ்டேட்ல சில பேர் தேங்காய் எண்ணெய் ஊத்திப் பார்த்தாங்க. மார்கழிக் காலையில டாங்க்குள்ளேயே உறைஞ்சு உட்கார்ந்துடுச்சு. உங்க ஊர் வெயிலுக்கு உறையாது.

ஒரு டாங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டாங்க்கும் ஏறக்குறைய தீரணும். தீரலைன்னா ஆயில் போற துளை அடைச்சிருக்கு.

புல்லட் பாண்டி

மெக்கானிக் அண்ணன் சொல்றது எல்லாம் சரி. ஆனா தோப்புக்காரர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. நல்ல ஆயில் ஊத்துனாலும் சங்கிலி தேயத்தான் செய்யுது. பைக் செயின்ல முடிஞ்சது இதுல ஏன் முடியாது? மண் தள்ளுற புல்டோசரோட டிராக்கைப் பாருங்க, பின்னுக்குள்ளேயே எண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும் சீல் போட்டிருக்கான். சேத்துலயும் கல்லுலயும் புரண்டுக்கிட்டு ஓடுது.

எனக்குத் தோணுறதை நேரா சொல்லிடுறேன். சங்கிலி ரொம்ப நாள் உழைச்சா அடுத்த சங்கிலி விக்காது. அதனாலதான் பண்ண மாட்டேங்கிறாங்க.

உராய்வியல் (திருச்சி)

நான் பொறியியல் கல்லூரியில் உராய்வும் தேய்மானமும் பற்றிப் பாடம் எடுப்பவள். பாண்டி கேட்டது நியாயமான கேள்வி. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

56 டிரைவ் லிங்க் என்றால், ஒவ்வொன்றிலும் இரண்டு ரிவெட், மொத்தம் 112 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும், ரிவெட்டும் துளையும் சேர்ந்து, 0.02 மி.மீ. தேய்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. 112 மூட்டுகளுக்கும் கூட்டினால் 2.24 மி.மீ. சங்கிலி அவ்வளவு நீண்டுவிட்டது. சங்கிலி பாரின் மேலும் கீழுமாக ஓடுவதால் பாரை இதில் பாதி, அதாவது 1.1 மி.மீ. முன்னே தள்ளினால் தொய்வு போய்விடும். தேய்மானம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளியே தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இனி பைக்கோடு ஒப்பிடலாம். செயின் சாவில் சங்கிலியின் வேகம் நொடிக்கு சுமார் 20 மீட்டர். உங்கள் சங்கிலியின் மொத்த நீளம் சுமார் 1.07 மீட்டர். அப்படியானால் நொடிக்கு ஏறக்குறைய 19 சுற்று. ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை மடங்கவோ நிமிரவோ செய்கிறது: ஸ்ப்ராக்கெட்டில் (சங்கிலியை ஓட்டும் பற்சக்கரம்) ஏறும்போது, இறங்கும்போது, பார் முனையில் திரும்பத் தொடங்கும்போது, திரும்பி முடிக்கும்போது. நொடிக்கு 75 முறை. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் அறுத்தால் ஒரே மூட்டு 2,70,000 முறை மடங்குகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கில் செயினின் வேகம் உத்தேசமாக நொடிக்கு 5 மீட்டர்தான். அதன் மூட்டு நொடிக்கு 12 முறை போல மடங்கும். டோசர் டிராக் நடை வேகத்தில் நகர்வது. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொய்வு எல்லாமே தேய்மானம் அல்ல. சங்கிலி 80 டிகிரி சூடேறினால் இவ்வளவு நீளத்துக்கு சுமார் 1 மி.மீ. விரியும். ஆறியதும் சுருங்கிவிடும். சூடாக இருக்கும்போது இறுக்கிவிட்டு அப்படியே மெஷினை வைத்துவிட்டுப் போனால், ஆறும்போது சங்கிலி பாரையும் கிராங்க் தண்டின் பேரிங்கையும் நெரிக்கும். அதனால்தான் வேலை முடிந்ததும் சங்கிலியைத் தளர்த்தி வை என்று மெஷினோடு வரும் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

தோப்புக்காரன் (பேராவூரணி)

அம்மா, நான் இத்தனை வருஷமாகச் செய்தது நேர்மாறு. சாயங்காலம் நன்றாக இறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவேன். காலையில் எடுத்ததும் வேலை பார்க்கலாமே என்று.

செயின் பட்டறை (கோவை)

இந்த விவாதத்தை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். ரோலர் செயின் தயாரிக்கும் இடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓ-ரிங் செயின் கோத்திருக்கிறேன். செயின் சா சங்கிலியை உற்பத்தி செய்ததில்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகு ஒரு கடையில் 100 அடி ரீலில் இருந்து அளவுக்கு வெட்டி, ரிவெட்டின் தலையைச் சுழற்றி விரித்து, வளையமாக்கிக் கொடுக்கும் வேலை சில காலம் பார்த்தேன். இரண்டும் கை பட்ட வேலை என்பதால் வித்தியாசத்தைச் சொல்ல முடியும்.

பைக் செயினில் பின், அதைச் சுற்றி புஷ், அதற்கு மேல் ரோலர் என்று அடுக்கு இருக்கிறது. தேய்வது பின்னும் புஷ்ஷும். புஷ்ஷின் நீளம் முழுவதும் பாரத்தைத் தாங்குகிறது. கிரீஸை அந்த நீளத்துக்குள் ஏற்றிவிட்டு, உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே வளையத்தை வைத்து அழுத்துகிறோம். வளையம் உட்காருவதற்கென்றே செயினைக் கொஞ்சம் அகலமாகச் செய்கிறோம். பைக்கில் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறது.

மரம் அறுக்கும் சங்கிலியில் புஷ்ஷும் இல்லை, ரோலரும் இல்லை. நடுவில் டிரைவ் லிங்க், இரண்டு பக்கமும் தகடு, அல்லது ஒரு பக்கம் பல், மறுபக்கம் தகடு. மூன்றையும் கோக்கிற ரிவெட்டின் நடுப்பகுதி டிரைவ் லிங்கின் தடிமனைவிட ஒரு மயிரிழை அகலம். அந்த மயிரிழையால்தான் பக்கத் தகடுகள் டிரைவ் லிங்கை இறுக்கிப் பிடிக்காமல் விலகி நிற்கின்றன. ரிவெட் பக்கத் தகடுகளோடு இறுகிப் போகிறது, டிரைவ் லிங்க் மட்டும் அதன்மேல் ஆடுகிறது. ரிவெட் ஒரே பக்கம் தேய்ந்திருக்கிறது என்று தோப்புக்காரர் சொன்னாரே, அது சுழலாமல் ஒரே நிலையில் நின்று இழுவையைத் தாங்குவதால்தான். பாரத்தைத் தாங்கும் இடத்தின் அகலம் வெறும் ஒன்றரை மி.மீ. சொச்சம்.

அந்த மயிரிழை இடைவெளியில் எந்த வளையத்தை வைப்பது? வைக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். பக்கத்துக்கு அரை மி.மீ. என்றாலும் சங்கிலி ஒரு மி.மீ. அகலமாகும். பல் அதற்கு மேல் அகலமாக அறுக்க வேண்டும், இல்லையென்றால் சங்கிலி வெட்டுக்குள் சிக்கும். இப்போதே வெட்டின் அகலம் சுமார் 7 மி.மீ. இருக்கிறது. அதை எட்டாக்கினால் அவ்வளவு மரமும் தூளாகப் போகிறது, அந்த அளவுக்கு என்ஜின் சக்தியும் அதிகம் வேண்டும்.

சீல் இல்லாமலேயே மூட்டின் ஆயுளைக் கூட்டத் தயாரிப்பவர்கள் செய்கிற வேலைகள் இருக்கின்றன. ரிவெட்டின் வயிற்றுப் பகுதி கெட்டியாகவும் இரண்டு முனைகளும் மெதுவாகவும் இருக்க வேண்டும். முனை மெதுவாக இருந்தால்தான் சுழற்றித் தலை விரிக்க முடியும், விரிசல் விடாது. வயிறு மெதுவாகப் போனால் ஒரே வாரத்தில் தேய்ந்துவிடும். ஒரே துண்டு இரும்பில் இரண்டு குணம் கொண்டுவருவதில்தான் அந்தத் தொழிலின் நுணுக்கம் இருக்கிறது. கோத்து முடித்த சங்கிலியைப் பெரிய பாரத்தில் ஒரு முறை இழுத்துவிட்டு அனுப்புவதும் உண்டு. துளைக்குள் இருக்கும் மேடு பள்ளம் அப்போதே அமுங்கிவிடும், வாங்கியவர் கையில் முதல் நாளே அவ்வளவாகத் தொய்யாது. ஸ்டில் நிறுவனத்தின் ஆயிலோமாட்டிக் சங்கிலியில் டிரைவ் லிங்கிலேயே சிறு துளைகள் இருக்கும். பாரின் பள்ளத்தில் ஓடும் எண்ணெய் அந்த வழியாக ரிவெட்டுக்கு வந்து சேரும். எண்ணெய் உள்ளே வர வழி வெட்டிக் கொடுக்கிறார்கள். சீல் போடுவதற்கு நேர் எதிரான யோசனை இது.

புல்லட் பாண்டி

ஐயா, இவ்வளவு விளக்கமா சொன்னதுக்கு நன்றி. கம்பெனிக்காரன் வேணும்னே பண்ணலைன்னு நான் சொன்னது அவசரம்தான். அகலம் பத்தி எனக்குத் தோணவே இல்லை.

ஆனா வளையம்தான் வேணுமா? ரிவெட்டைச் சுழற்றி மூடுறதுக்கு முன்னாடியே துளைக்குள்ள கெட்டியான கிரீஸோ மெழுகோ நிரப்பிட்டா? இருக்கிற மயிரிழை இடைவெளியையே அது அடைச்சுக்குமே. தூசி உள்ளே போகாதே.

செயின் பட்டறை (கோவை)

நல்ல யோசனை தம்பி. நானும் அப்படி யோசித்தவன்தான். ஒரு முழுச் சங்கிலிக்குக் கையாலேயே கிரீஸ் ஏற்றிப் பார்த்தேன். இரும்பு மூடியில் கிரீஸை உருக்கி, சங்கிலியை முக்கி, ஆறவிட்டு எடுத்தேன். மூட்டெல்லாம் வெண்ணெய் மாதிரி ஆடியது. வேங்கை அறுக்கிறவர் ஒருவருக்குக் கொடுத்தேன். அரை நாளில் திரும்பக் கொண்டுவந்தார். வெளியே பிதுங்கியிருந்த கிரீஸில் மரத்தூள் ஒட்டி மாவு பிசைந்த மாதிரி இறுகியிருந்தது. பார் தண்டவாளத்தின் (சங்கிலி ஓடும் பாரின் விளிம்பு) சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் உருகி ஓடிவிட்டது. அது இருந்த இடத்தைத் தூள் பிடித்துக்கொண்டது.

அன்று எனக்குப் புரிந்தது இது. முழுதாக மூடினால் மூட வேண்டும், இல்லையென்றால் திறந்தே விட வேண்டும். திறந்த மூட்டில் தூசி போகும், ஆனால் பின்னாலேயே வரும் எண்ணெய் அதைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். பாதி மூடிய மூட்டில் போன தூசி வெளியே வர வழியில்லை.

கான்கிரீட் கட்டர் (சிங்கப்பூர்)

ஐயா சொன்ன "முழுதாக மூடினால்" என்ற இடத்தில் நான் பேச வேண்டும். சீல் போட்ட செயின் சா சங்கிலி இருக்கிறது. நான் அதைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் மரத்துக்கு இல்லை.

இங்கே கட்டட வேலையில் கான்கிரீட் சுவரில் கதவு, ஜன்னல், ஏ.சி. குழாய்க்கு வழி வெட்டுவது என் வேலை. வட்ட பிளேடு போட்டால் மூலையில் ஓவர்கட் விழும், அதாவது வெட்டு மூலையைத் தாண்டிப் போய்விடும். மூலை சரியாக வர வேண்டும் என்றால் சங்கிலி மெஷின்தான். பல்லுக்குப் பதில் வைரத் துகள் பதித்த கட்டிகளைப் பற்றவைத்த சங்கிலி. அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருக்கும் ஐ.சி.எஸ். நிறுவனம் இந்த வகைச் சங்கிலிகளுக்குப் பேர் போனது.

இந்த மெஷினில் பாருக்கு எண்ணெயே கிடையாது. ஹோஸில் தண்ணீர் வந்து பாருக்குள் ஓடி சங்கிலியைக் குளிர்விக்கும், அறுத்த சிமெண்ட்டுக் குழம்பைத் தள்ளி வெளியே விடும். மூட்டுக்கு எண்ணெய் இல்லை, சுற்றிலும் இருப்பது சிமெண்ட், மணல், ஜல்லித் தூள் கலந்த குழம்பு. அது பட்டால் மூட்டு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் அழுத்தம் குறைந்துபோனதைக் கவனிக்காமல் ஒரு நாள் வெட்டினேன். ஒரு சுவர் முடிவதற்குள் டென்ஷன் கடைசிக்குப் போய்விட்டது. வைரக் கட்டியில் பாதிக்கு மேல் மிச்சம். சங்கிலியின் விலை எவ்வளவு என்று தெரிந்த சூப்பர்வைசர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

வைரம் தேய்வதற்கு முன்னால் மூட்டு தேய்ந்து சங்கிலியைத் தூக்கிப் போட வேண்டியிருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய நஷ்டம். அதனால் தயாரிக்கும்போதே மூட்டுக்குள் கிரீஸை வைத்து, ரிவெட்டைச் சுற்றிச் சிறு வளையத்தால் அடைத்த சங்கிலிகள் வந்தன. கையில் எடுத்து மடக்கினாலே வித்தியாசம் தெரியும். சாதாரணச் சங்கிலி கலகலவென்று தொங்கும். இது மெதுவாக, கொஞ்சம் முரண்டு பிடித்த மாதிரி மடங்கும். ரப்பரின் பிடிப்பு அது.

உராய்வியல் (திருச்சி)

அருமையான தகவல். இதை வைத்தே பாண்டியின் கேள்விக்கு முழுப் பதில் சொல்லலாம்.

மரச் சங்கிலியில் பார் தண்டவாளத்துக்கு எப்படியும் எண்ணெய் விட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் பாரும் சங்கிலியும் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அப்படிப் போகிற எண்ணெயே மூட்டையும் பார்த்துக்கொள்கிறது, தனியாகச் செலவில்லை. அங்கே சீல் வைத்தால் கிடைக்கிற லாபம் குறைவு, அகலத்தால் வரும் நஷ்டம் அதிகம். கான்கிரீட்டில் நிலைமை தலைகீழ். எண்ணெய் கிடையாது, குழம்பு மோசமானது, தண்ணீர் சூட்டைத் தணிப்பதால் ரப்பர் பிழைக்கிறது. சங்கிலியும் விலை உயர்ந்தது. வெட்டு ஒரு மி.மீ. அகலமானால் சுவருக்கு எதுவும் ஆவதில்லை.

சங்கிலி மெஷின் வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1946இல் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டுபவராக இருந்த ஜோசப் காக்ஸ், அடிமரத்தைக் குடையும் வண்டின் புழு ஒன்றை உட்கார்ந்து பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிக்கொண்டு போவதைப் பார்த்து, அதே வளைவில் பல் செய்தார். அடுத்த வருடம் போர்ட்லண்டில் நிறுவனமும் ஆரம்பித்தார். இன்று நம் மெஷினில் ஓடும் பல்லுக்கு மூலம் அதுதான். பல்லின் வடிவம் அப்படி ஒரே பாய்ச்சலில் வந்துவிட்டது. மூட்டுக்கு அப்படி ஒரு பாய்ச்சல் வரவில்லை. எஃகின் தரம், கெட்டிப்படுத்தும் முறை, எண்ணெய் வழி என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னேறியிருக்கிறது.

புல்லட் பாண்டி

கான்கிரீட் அண்ணே, ஒரு சந்தேகம். வளையத்துல ஒண்ணு கிழிஞ்சா எப்படித் தெரியும்?

கான்கிரீட் கட்டர் (சிங்கப்பூர்)

வேலை முடிந்ததும் சங்கிலியைத் தண்ணீரில் கழுவி, லேசான எண்ணெய் அடித்து, கையில் மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்ப்பேன். எல்லாம் ஒரே மாதிரி முரண்டு பிடித்துக்கொண்டு வரும்போது ஒரு மூட்டு மட்டும் தொளதொளவென்று விழுந்தால் அங்கே வளையம் போய்விட்டது. சில சமயம் அந்த ஓரத்தில் சாம்பல் நிறக் குழம்பு கோடு போட்டிருக்கும். ஒன்று இரண்டு என்றால் ஓட்டுவேன். அடுத்தடுத்து மூன்று போனால் கழற்றி வைத்துவிடுவேன்.

கோத்தகிரி மெக்கானிக்

மரச் சங்கிலிக்கும் இதே பழக்கம் நல்லது. வாரம் ஒரு தடவை சங்கிலியைக் கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவி, ஒவ்வொரு மூட்டா மடக்கிப் பாருங்க. ஒரு மூட்டு மடங்காம நின்னா அங்க ரிவெட் இறுகியிருக்கு. கடையில சுத்தியலால அடிச்சு ஜாயின்ட் போட்டுக் கொடுத்த சங்கிலியில இது அடிக்கடி வரும். ஜாயின்ட்டை ரிவெட் சுழற்றுற கருவியில போடச் சொல்லுங்க. சுத்தியலை எடுத்தாங்கன்னா வாங்காம வந்துடுங்க. அப்படி இறுகின மூட்டு ஸ்ப்ராக்கெட்ல ஏறும்போது துள்ளும், துள்ளுற இடத்துலதான் ஒரு நாள் அறுந்து போகும். அறுந்த துண்டு எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.

ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்க அண்ணே. மூட்டு தேஞ்ச சங்கிலியில பிட்ச் மாறிப்போயிருக்கும், அது ஸ்ப்ராக்கெட்டைக் கடிச்சுப் பள்ளம் போட்டுடும். அந்தப் பள்ளத்துல புதுச் சங்கிலியைப் போட்டா அதுவும் சீக்கிரம் தேயும். ரெண்டு சங்கிலிக்கு ஒரு ஸ்ப்ராக்கெட்னு வெச்சுக்குங்க.

தோப்புக்காரன் (பேராவூரணி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், கையில் வேலை இருந்தது.

நீங்கள் எல்லாரும் சொன்னதை வரிசையாகச் செய்தேன். ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றினால் மெக்கானிக் தம்பி சொன்ன பள்ளம் அப்படியே இருந்தது, விரல் நுனி உட்காருகிற அளவுக்கு. புதிது போட்டேன். ஒரே ரீலில் இருந்து இரண்டு சங்கிலி வளையம் வெட்டச் சொன்னேன். ஜாயின்ட்டைக் கருவியில் போட வைத்தேன். முதல் வளையத்தை வாங்கிய கையோடு மாட்டினேன். இரண்டாவதை ஒரு ராத்திரி முழுக்க பார் ஆயிலில் ஊறப் போட்டேன், மறுநாள் மாட்டி, அறுக்காமல் பாதி வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டென்ஷனைச் சரி பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். இரண்டுக்கும் புது பார் ஆயில்தான். அறுத்ததும் ஒரே தோப்பு மரம். முதல் நாளில் ஊறாத வளையத்தை ஆறு முறை இழுத்துக் கட்டினேன், ஊறியதை மூன்று முறை. இரண்டு வளையத்தை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது என்று தெரியும். ஆனால் பழைய ஆயில் ஊற்றிய காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் ஸ்பேனரை எடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் மாற்றினேன். விழுந்த மரத்தின் கீழ்ப்பக்கம் மண்ணில் பதிந்து கிடக்கும். முன்பெல்லாம் அப்படியே அறுத்துக்கொண்டு போவேன். இப்போது ஆள் விட்டுக் கடப்பாரையால் நெம்பி, மட்டையை அடியில் கொடுத்து, மணலைத் தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்ட பிறகுதான் மெஷினை வைக்கிறேன். ஒரு மரத்துக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆகிறது.

பார் ஆயில் விலைதான் கடிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சங்கிலியும் ஸ்ப்ராக்கெட்டும் மிச்சமாவதில் ஏறக்குறைய சரியாகிறது.

செயின் பட்டறை (கோவை)

மிக்க மகிழ்ச்சி. ராத்திரி ஊறப்போடுவது சும்மா சொன்ன வழக்கம் இல்லை. அந்த மயிரிழை இடைவெளிக்குள் எண்ணெய் தானாக ஊர்ந்து போக நேரம் வேண்டும். தொழிற்சாலையில் பூசி அனுப்பும் எண்ணெய் பெரும்பாலும் துருப் பிடிக்காமல் இருக்கத்தான். ஊறியபின் எடுத்து, சொட்டு வடியும்வரை ஆணியில் மாட்டித் தொங்கவிடுங்கள். எண்ணெயும் வீணாகாது.

தோப்புக்காரன் (பேராவூரணி)

சரிங்க ஐயா.

கான்கிரீட் தம்பி, பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் தேய்ந்துபோன சீல் சங்கிலி ஒரு சாண் துண்டு எடுத்து வாருங்கள். அந்த வளையத்தைப் பிரித்து என் கண்ணால் பார்க்க வேண்டும்.

கான்கிரீட் கட்டர் (சிங்கப்பூர்)

கண்டிப்பாக அண்ணே. கழற்றி வைத்தது ஒன்று இருக்கிறது. கிழிந்த மூட்டு மூன்றும், நல்ல மூட்டு மூன்றும் வருகிற மாதிரி வெட்டி எடுத்து வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்ப்போம்.